ஆராய்ச்சிக்கு மட்டும்

காலையிலிருந்தே மூணாம் கொட்டகைக் கோழிகள் ஒரு தினுசாக இருமிக்கொண்டிருந்தன. செங்கோட்டுவேல் ஒன்றைப் பிடித்து வந்தான். மனைவி கோகிலவாணி அதன் சளியைப் பறவைக் காய்ச்சல் பரிசோதனை அட்டையில் தடவினாள். அவன் எட்டிப் பார்ப்பதற்குள் அட்டையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பெட்டியில 'ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல'ன்னு போட்டிருக்குதுங்க. நீங்க பார்க்கக் கூடாது."

பிஎச்.டி.க்குப் பதிந்தவர்தான் அட்டையைப் பார்க்கலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, நாமக்கல்லில் பண்ணைக்கு ஒருவர் பிஎச்.டி. செய்தார்கள். இந்த வீட்டில் அது கோகிலவாணி.

"பத்தாயிரம் கோழி புள்ள! காய்ச்சலா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"சொன்னா நோயைக் கண்டறிஞ்சதாயிரும், பதிவை ரத்து பண்ணிருவாங்க. ஆய்வேட்டுல எழுதறனுங்க. மூணு வருசத்துல வந்துரும்."

செங்கோட்டுவேல் தலையைச் சொறிந்தான்.

"செரி, அதை விடு. மத்தியானத்துக்கு மூணாம் கொட்டகைக் கோழி ஒண்ணைக் குழம்பு வெக்கறயா?"

"பருப்புங்க" என்றாள், அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் பாய்ந்துபோய்க் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான். "டாக்டருங்களா? எங்க வீட்டுல இன்னைக்குப் பருப்புங்க."

"ஐயையோ!" என்று அலறினார் டாக்டர். "உங்க ஊர்ல இதோட ஏழு வீட்டுல பருப்பு!"