காசளவுக் குழி

மீட்டர்காரர் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு சக்கரங்களையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்” என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தார். வண்டியைத் தள்ளும்போது இடது பின்சக்கரம் லேசாக ஆடியது. பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும். சரி, முதலில் இதைப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்.

போகவில்லை என்பதை உள்ளே போய்ச் சொல்லவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மோட்டார் சைக்கிள் முப்பத்தோரு வருஷம் இரண்டு சக்கரத்தில்தான் ஓடியது. கரண்ட் மீட்டர் பார்க்க அவர் அதில் நுழையாத சந்து கிடையாது. போன வருஷம் தெருமுனையில் தலை சுற்றி வண்டியோடு விழுந்தார். காதுக்குள் ஏதோ கோளாறு, இனி இரண்டு சக்கரம் ஆகாது என்றார் டாக்டர். மகள் வண்டியைக் கொண்டுபோய்ப் பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டி, கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் பழக்க தோஷத்தில், வளைவு வந்ததும் உடம்பைச் சாய்த்தார். மூன்று சக்கரம் சாயுமா? நேராகப் போய்ச் சாக்கடையை நலம் விசாரித்துவிட்டு நின்றது.

அது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சரியாகாதது வீட்டுக் கதவு.

வேலையில் இருந்த காலம் முழுக்க, ஒரு நாளைக்கு நூறு வாசலில் நின்று மணி அடித்த மனுஷன் அவர். மணி அடிக்காமலே கதவு திறந்த ஒரே வீடு அவருடைய வீடுதான். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று தெருமுனைச் சரிவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி உருண்டு வருவார். வண்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்குள் கதவு திறந்துவிடும்.

“மனசு சொல்லுதுங்க” என்பாள் மனைவி.

தெருவில் இது பிரசித்தம். தங்கள் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று அவளிடம் கேட்டுப்போய் அடுப்பு பற்றவைத்த பெண்கள் உண்டு. சொன்ன நேரத்துக்கு வராத புருஷனைத்தான் திட்டினார்களே தவிர, அவளை ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

மூன்றாவது சக்கரம் வந்த நாளிலிருந்து கதவு திறக்கவில்லை. எட்டு மாதமாகச் சொந்த வீட்டு வாசலில் நின்று மணி அடிக்கிறார், மீட்டர் பார்க்க வந்தவர் போல.

“இப்பல்லாம் மனசு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது” என்று ஒருநாள் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் மனசிலிருந்து தாம் இறங்கிவிட்டோம் என்று மீட்டர்காரர் முடிவு கட்டினார். வண்டிக்கே முட்டுக்கொடுத்து ஓட்டுகிற ஆளுக்காக யார் மனசு மெனக்கெடும்?

அதனால் ஞாயிறுதோறும் வண்டிக்கு ஏதாவது செய்தார். சீட்டுக்குச் சாய்மானம் வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சைலன்சரைத் தேய்த்தார், ஒரு காகம் அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போனது. இரட்டை ஹாரன் மாட்டி, வாசலில் வந்து நின்று அடித்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

இன்றைக்குக் கிரீஸ்.

பழையதை வழித்தெடுத்தார். கறுப்பு அல்வா மாதிரி வந்தது. புதுக் கிரீஸை விரலால் திணித்தார். வாஷர் ஒன்று தேய்ந்துபோயிருந்தது. மாற்று வாஷர் தேடி, சக்கரம் மாட்டியவர்கள் மிச்சமென்று கொடுத்தனுப்பிய பையைக் கோணியின்மேல் கவிழ்த்தார்.

நட்டும் போல்ட்டுமாக விழுந்ததில் பழைய சைடு ஸ்டாண்டும் இருந்தது. மூன்று சக்கர வண்டி தானாகவே நிற்குமே, இது எதற்கு என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

எடுத்துப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது. வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில், சிமெண்ட் தரையில் அந்த முனை குத்திக் குத்திக் காசளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

கை சும்மா இருக்கவில்லை. முனையைக் குழியில் வைத்து ஒரு போடு போட்டார்.

டக்.

உள்ளே தையல் மெஷின் நின்றது.

கதவு திறந்தது.

“வந்துட்டீங்களா! தைச்சுக்கிட்டே இருந்தேங்க, திடீர்னு மனசு சொல்லுச்சு, நீங்க வந்துட்டீங்கன்னு. பழையபடியே சொல்லுச்சுங்க!”

எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த முகம் அது. தொலைத்த நகை கிடைத்தவள் போல நின்றாள். தொலைத்தது அவளுமா என்று மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

கையிலிருந்த இரும்பைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சொல்லிவிடலாமென்று வாய் வரைக்கும் வந்தது.

இன்னொரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். கிரீஸ் துணியை இழுத்து ஸ்டாண்டின்மேல் போட்டார்.

“ஆமா, இப்பத்தான் வந்தேன்” என்றார்.

ஜாக்கியின்மேல் நின்ற வண்டியை அவள் பார்த்தாள். முழங்கை வரைக்கும் கறுத்திருந்த அவர் கையை, துணிக்கு வெளியே நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்த இரும்பை, சுவரில் சாய்ந்திருந்த இரண்டு சக்கரங்களை, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தாள்.

“கை கழுவிட்டு வாங்க, டீ போடறேன்” என்றாள்.

எதில் வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.