பதினோராவது டியூப்

“டியூபை மாத்தி வெச்சது நான் இல்லைன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, மேடம்.”

கண்ணாடிக் கடையின் மாடியில் லென்ஸைத் தேய்த்தபடியே சொன்னார் அவர். எட்டு மாதத்துக்கு முன்புவரை, எதிரே நின்ற ஆராய்ச்சியாளரம்மாவின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தவர்.

“தப்பு என்னோடதுதான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்” என்றாள் அவள். கணவரையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். ‘முப்பது படியா? ஆளை விடு’ என்று அவர் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். சரியான சோம்பேறி.

அவள் உருவாக்கிய கருவியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை ஒன்று உண்டு. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக அதில் நுழையும்போது மின்னோட்டம் கொஞ்சம் குறையும். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு புரதத் துண்டுகளைக்கூட அந்தக் குறைவை வைத்தே பிரித்துவிடலாம். ஒன்று எல்லோருக்கும் இருப்பது. மற்றது இதயம் கெடத் தொடங்கும்போதே ரத்தத்தில் தலைகாட்டுவது.

இதய நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான பதினொரு பேரிடமும் ரத்தம் வாங்கினார்கள். பதினோராவது டியூபில் நோய்த் துண்டு! யாரோ ஒரு நோயாளியின் டியூபை மாற்றி வைத்துவிட்டதாக, அவரை மேற்கொண்டு எதுவும் சொல்லவிடாமல் வேலையை விட்டு அனுப்பினாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கே கூசியது.

“அந்த டியூப்ல மிச்சமிருந்த ரத்தத்தோட குரூப்பைப் போன வாரம் பார்த்தேன். நம்ம நோயாளிங்க யாருக்கும் அந்த குரூப்பே இல்ல.”

அவர் கை நின்றது. “அப்போ மெஷின் சொன்னது நிஜமா?”

“நிஜம். பாவம், அந்த மனுஷனுக்கே தெரியாது. எட்டு மாசத்தை நான் வீணாக்கிட்டேன். இனியும் தாமதிச்சா உயிருக்கே ஆபத்து. பத்துப் பேருக்குப் பேர் எழுதின நீங்க, பதினொண்ணுக்கு மட்டும் ஏன் எழுதல?”

கீழே ஹார்ன் அலறியது. “இவர் ஒருத்தர், பொறுமையே கிடையாது” என்று அலுத்துக்கொண்டாள்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு ஒரு ஆள் குறைஞ்சது. வெளியே காத்திட்டிருந்தவர் தானா வந்து கையை நீட்டினார். ‘பேரை எழுதாதீங்க, தெரிஞ்சா மேடம் திட்டுவாங்க’ன்னார். சொல்ல வந்தேன், நீங்க விடல. மெஷின்தான் தப்புன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

“யாருன்னு சொல்லுங்க!”

“இப்போ ஹார்ன் அடிச்சாரே, அவர்தான் மேடம்.”