எட்டு டி

ஸ்காபரோவில் உள்ள பள்ளிக்கூடத்தின் ஆலோசனை அறைக்குள் மார்ச் மாத வெயில் ஜன்னல் தட்டிகளுக்கூடாக விழுந்து, மேசையில் கிடக்கும் ஓ.எல். பரீட்சைச் சான்றிதழில் கோடு கோடாகப் படிகிறது. யாழ்ப்பாணத்தில் தர்மினி எடுத்த எட்டு டி-யும் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகின்றன. ஊரில் டி என்றால் விசேட சித்தி. இரண்டு வருடத்துக்கு முன் இதே அறையில் வெள்ளைக்கார மிஸ், இந்த நாட்டு வழக்கப்படி அதைத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினதாக எடுத்துக்கொண்டு, பதினேழு வயதுக்காரியைச் சின்னப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்பில் இருத்தினார். மொழிபெயர்க்க வந்த அரியநாயகம் அங்கிளுக்கு உண்மை தெரியும். ஆனாலும் மிஸ்ஸுக்கு எதிர்க்கதை கதைக்காமல் தலையாட்டினார். இன்றும் அதே மிஸ்ஸுக்கு முன்னால், அதே கதிரையில் அவர் இருக்கிறார். வேறு ஆள் வேண்டாம், அவர்தான் வேண்டும் என்று கேட்டு வரவழைத்தவள் தர்மினி. பள்ளிப் படிப்பை முடித்து டிப்ளோமா எடுக்க முப்பது கிரெடிட் வேண்டும். அவளிடம் பதினாறு. ஊர்ப் படிப்பைச் சரியாகக் கணக்கில் எடுத்தால், மிச்சம் இந்தத் தாளில் கிடக்கிறது.

“அங்கிள், டி எண்டால் என்னெண்டு மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ.”

“உமக்குத்தான் இப்ப இங்கிலிஷ் வடிவா வருமே, பிள்ளை.”

“ஓம், வரும். ஆனா அண்டைக்குத் தலையாட்டினது நீங்கள்.”

சுவரோரத்து ஹீற்றர் டொக் டொக்கென்று அடிக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார், துடைக்கிறார், திரும்ப மாட்டுகிறார். “டிஸ்ரிங்ஷன்,” என்கிறார் மேசையைப் பார்த்து. மிஸ்ஸின் பேனை அந்தரத்தில் நிற்கிறது. தர்மினி சான்றிதழின் முதல் வரியில் வைத்திருந்த சுட்டுவிரலை மெதுவாக அடுத்த வரிக்கு இறக்குகிறாள்.

“இப்ப சொன்னது கணிதத்துக்கு. இன்னும் ஏழு கிடக்கு, அங்கிள்.”