குதிரைக்குக் குதிரை

"குதிரைக்குக் குதிரை. காசு நீயும் தர வேண்டாம், நானும் தர மாட்டேன். சம்மதமா?"

நெடுமாறன் குதிரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு பெரியவர், மாசி வெயிலில் ஒரு குதிரையைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவன் வாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டு இப்படிக் கேட்டால் யார்தான் நம்புவார்கள்?

கட்டியிருந்தது சாதாரணக் குதிரை இல்லை. கறுப்பு. பந்தயத்தில் ஓடிப் பழகிய கால். அவர் பதிலுக்குக் கேட்டது, அவன் கொட்டகையில் நின்ற செவலையை. காணும் பொங்கல் வண்டிப் பந்தயத்தில் அது வண்டிகள் திரும்பும் இடமான எல்கைவரை முதலாவதாக ஓடிக் கொடி வாங்கியது. திரும்பி வரும்போது மூச்சு வாங்கி நாலாவதாக வந்தது.

"எங்கேருந்து வர்றீங்க?"

"மேற்கேருந்து."

"மேற்கேன்னா?"

"சூரியன் மறையுற பக்கம்."

இந்தக் காலத்தில் எவனும் சும்மா எதையும் கொடுப்பதில்லை. நெடுமாறன் கறுப்பின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான். ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தான். தன் பந்தய வண்டியில் பூட்டி உளுந்து வயல் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்தான். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"திருட்டுக் குதிரையா பெரியவரே?"

"திருடுனவன் பட்டப்பகல்ல வாசல்ல கட்டுவானா?"

"உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"குதிரைய எடு. நானா ஓடப் போறேன்?"

நெடுமாறன் சிரித்துவிட்டான். "இது எத்தனை பந்தயம் ஓடியிருக்கு?"

"நிறைய. ஒரு தை மாசம் நல்ல மழை. எல்கையில திரும்புறப்ப நான் வாய்க்கால்ல விழுந்துட்டேன். இது வெறும் வண்டிய இழுத்துக்கிட்டு முதல்ல போய் நின்னுடுச்சு. சாரதி இல்லாத வண்டிக்குப் பரிசு கிடையாதுன்னுட்டானுங்க. நான் சேறும் சகதியுமா வீட்டுக்கு வந்தா ஒரே சிரிப்பு. விழுந்து விழுந்து சிரிப்பு."

"யாரு சிரிச்சா?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "குதிரைதான்."

"இப்ப ஓட்டுறதில்லையா?"

"மூணு வருஷமா இல்ல. ஜெயிச்சுட்டு வந்து யார்கிட்ட சொல்றது? பந்தயம்னா போய் எல்கைக்கிட்ட நின்னு பார்ப்பேன். இந்தத் தடவை உன் செவலையப் பார்த்தேன்."

"வீட்ல துணைக்கு ஆள் இல்லையா?"

அவர் கறுப்பைக் கையால் காட்டினார்.

"அப்ப இதையும் கொடுத்துட்டு?"

"செவலையோட பேசிக்கிறேன். நீ விஷயத்துக்கு வா தம்பி."

நெடுமாறன் தயங்கினான். ஏமாற்றி வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. "உண்மைய சொல்லிடறேன். செவலைக்குக் கழுத்தடியில ஒரு சுழி இருக்கு. வச்சிருக்கறவன் பொண்டாட்டிக்கு ஆகாதாம். பந்தயத்துல ஊரே அதைத்தான் பேசுச்சு. நான் அதெல்லாம் நம்பறதில்ல. நாளைக்கு நீங்க வந்து சண்டை போடக் கூடாது."

"எனக்கென்ன. என் பொண்டாட்டி செத்து எத்தனையோ வருஷமாச்சு. இனிமே அது என்கிட்ட எதைப் புடுங்கும்?" சொல்லிக்கொண்டே செவலையின் கழுத்தடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் ஒரே இடத்தில் நின்றது. "உன் வீட்டுல எங்க?"

"செம்மொழி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. ஏழு மாசம். கல்யாணத்துக்குக்கூட அது வீட்டு ஆளுங்க யாரும் வரல, தனியாத்தான் போயிட்டு வருது. சாயங்காலம் வந்துடும். இருங்க, அதையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

"பொம்பளைய கேட்டா குதிரை மாத்துவாங்க? இப்ப சொல்லு. இல்லன்னா நான் கறுப்ப ஏத்திக்கிட்டுப் போறேன்."

கிழவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும் என்று நெடுமாறன் முடிவு செய்தான். பிசகு தெளிவதற்குள் முடித்துவிடுவது நல்லது. "சரி, சம்மதம்."

செவலை முரண்டு பண்ணாமல் வண்டியில் ஏறியது.

"சாப்பாட்டு நேரம். கை நனைச்சுட்டுப் போங்க."

"வேணாம்."

"மோராவது குடிங்க."

"வேணாம்னேன்ல." வண்டியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "கறுப்பு முன்கோபி. கொள்ளு வச்சுட்டுத் தள்ளி நில்லு. புது ஆள் கிட்டப் போனா கடிச்சிடும். அப்புறம், இனிமே குதிரை வாங்குனா கழுத்தடியத் தடவிப் பார்த்து வாங்கு."

"நீங்களும் நம்பறதில்லைன்னு நினைச்சேன்."

"என் வீட்ல ஆள் இல்ல. உன் வீட்ல இருக்கு."

வண்டி கிளம்பியது. கறுப்பு, கயிற்றை இழுத்துக்கொண்டு கனைத்தது. வாய்க்கால் திருப்பம் தாண்டும்வரை கனைத்தது. பெரியவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் செம்மொழி மினி பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். நெடுமாறன் வாசலிலேயே நின்று கத்தினான். "மரத்துப் பக்கம் போகாத. புதுக் குதிரை, கடிக்குமாம். யாரோ ஒரு லூசுக் கிழவர் நம்ம செவலைய வாங்கிக்கிட்டு இதை விட்டுட்டுப் போயிட்டாரு."

அவன் குரலே காதில் விழாதவள் போல அவள் மரத்தடிக்கு நேராக நடந்தாள். கறுப்பு, கயிறு எட்டும்வரை முன்னால் வந்து, அவள் தோளில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே, திரும்பாமலே கேட்டாள்:

"ஏங்க, எங்க அப்பாவுக்கு ஒரு வாய் சோறாவது போட்டீங்களா?"