பெனால்டிக்கு முதுகு காட்டுகிறவர்

செங்கல்பட்டில் கால்பந்தை முழுதாக அறிந்தவன் பன்னீர்செல்வம் ஒருவன்தான். இது அவனே தீர விசாரித்துக் கண்டறிந்த உண்மை. இப்போது கொளவாய் ஏரியை ஒட்டிய மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று தவிக்கிறான். பெனால்டி என்றாலே திரும்பி நின்று ஏரியைப் பார்க்கும் பழைய கோச் காசிநாதனை நீக்கச் சொல்லி, கிளப் வாசலில் ஒரு வாரம் கத்தியவன் அவன். அந்தக் கத்தலில் வந்து சேர்ந்த புதிய கோச், கறுப்புக் கண்ணாடியோடு கையைக் கட்டி நிற்கிறார். இந்த ஆட்டம் டிராவில் முடிந்தால்கூட அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். “இன்னா மச்சான், உங்காளு செலையாட்டம் நின்னுகினு கீறாரு?” என்கிறான் பக்கத்தில் வேர்க்கடலை தின்னும் ஹரிகிருஷ்ணன். “அதுக்குப் பேரு தில்லுடா. பழைய ஆளு மாரி மீனு எண்ணச் சொல்றியா?” விசில் ஒலிக்கிறது. நம் அணிக்குப் பெனால்டி. ஹரிகிருஷ்ணன் கையில் கடலைப் பொட்டலம் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பன்னீர்செல்வம் மெல்லத் திரும்புகிறான். ஏரியில் சாயங்கால வெயில் தகரமாய் மினுங்குகிறது. ஒரு நீர்க்காகம் முங்குகிறது, எழவே மாட்டேன் என்கிறது. வேலியோரம், சைக்கிளைப் பிடித்தபடி அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காசிநாதன் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் பந்தை நோக்கி ஓடும் காலடிச் சத்தம். காசிநாதன் தலையைத் திருப்பாமலே சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தி, பன்னீர்செல்வத்துக்கு இடம் விடுகிறார்.