மிச்சக் கிண்ணங்கள்

திருவிருந்துத் தட்டு அருகில் வந்ததும் தபால்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இது ஏழாவது ஞாயிறு. தட்டை ஏந்தி நின்ற சபை மூப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்பது பேர் வருகிற சபை. ஒருவருக்கும் குறைந்துவிடக் கூடாதே என்று காலையிலேயே வந்து, அறுபது குட்டிக் கிண்ணங்களில் புளிக்கவைத்த திராட்சரசம் ஊற்றி வைக்கிறவர் அவர். இப்போதுதான் மாற்றலாகி வந்த மனுஷனுக்கு அது வேண்டாமாம்!

உள்ளே ஏதோ அழுக்கு இருக்கிறது. இல்லையென்றால் கை ஏன் நீளவில்லை? உலக ஆசையை ஒழித்துவிட்டு வாருங்கள் என்று போன வாரம் மூப்பரே தொண்டை கிழியப் பேசினாரே, காதில் விழவில்லையா?

ஆராதனை முடிந்ததும் தபால்காரரைப் பக்கத்து அறைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். தட்டை மேசையில் டங்கென்று வைத்தார்.

ஜெபித்த ரசத்தைக் கொட்டக் கூடாது. மீந்ததைத் தட்டேந்தியவரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது சபையின் வழக்கம். மூப்பர் ஒன்றை வாயில் கவிழ்த்துக்கொண்டார். இன்னொன்றையும்.

"நாளைக்குக் கமிட்டி கூடுது. சபையிலருந்து உங்க பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறேன். அப்படி என்னய்யா பாவம் பண்ணீங்க, கிண்ணத்தைத் தொடக்கூட முடியாம?"

தபால்காரர் கிண்ணங்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"பழைய ஊர்ல பதினோரு வருஷம் மிச்சம் தீர்த்தது நான்தாண்ணே. நாப்பது பேருக்கு முதல்ல அம்பதுதான் ஊத்தினேன். அப்புறம் அறுபது. கடைசியில வார நாள்லயும் நானே ரசம் வெச்ச ரூம் பூட்டைத் திறந்து உள்ள போக ஆரம்பிச்சேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்ன திமிர்! யாரை யாரோடு சேர்த்துப் பேசுகிறான்? இருபது வருஷமாக இந்தச் சபைக்கு உழைக்கிறவரைப் பார்த்தா?

மூப்பர் உட்கார்ந்து காகிதத்தை இழுத்தார். ஆத்திரம் ஆத்திரமாக எழுதினார். அடித்தார், திருத்தினார், ஒழுக்கம் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தார்.

தட்டில் ஒரே ஒரு கிண்ணம்தான் நிறைந்திருந்தது. மற்றவற்றை எப்போது குடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அதை வெறித்துப் பார்த்தார். இன்றைக்கு ஒருநாள் அது அப்படியே இருக்கட்டும் என்று பற்களைக் கடித்தார்.

கை நீண்டது.