சிக்ஸர் வெடி

வெளிநாட்டுப் பந்துவீச்சாளர்களை எல்லாம் மைதானத்துக்கு வெளியே விளாசும் கிரிக்கெட் வீரர் ஜெயசீலன், சிவகாசி வரை வந்து எதிரே நிற்பார் என்று பட்டாசு முதலாளி ரத்தினசாமி கனவிலும் நினைக்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் அந்த முகத்தை ‘சிக்ஸர் வெடி’ லேபிளில் போட்டுச் சம்பாதித்தவர் ஆயிற்றே.

பதறி எழுந்து கைகட்டி நின்றார். “தப்புத்தான் அய்யா. கோர்ட்டுக்கு மட்டும் போயிராதீக. இந்த சீசன்லயே படத்தைத் தூக்கிர்றேன்.”

“தூக்கிடாதீங்க அண்ணாச்சி” என்றார் ஜெயசீலன், தலையைக் குனிந்துகொண்டு. “அதைக் கேட்டுக்கத்தான் வந்தேன். இந்தியா டீமிலேர்ந்து என்னை நேத்துத் தூக்கிட்டாங்க. இங்கேயாவது என் முகம் இருக்கட்டும்.”

ரத்தினசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“ஏலே ஒச்சப்பா, லேபிள் அச்சடிக்கிறதை நிறுத்தச் சொல்லு. இவருக்குப் பதிலாச் சேத்திருக்கானுகளே, அவன் படம் பேப்பர்ல வந்திருக்கா பாரு.”